நாலு பேருக்கு மொய்ங்கா

கம்பி கம்பெனி வாசலில் ஒரு பச்சைப் பலகை இருக்கிறது. 'விபத்து இல்லாத நாட்கள்' என்று எழுதி, பக்கத்தில் எண்ணை மாற்றி மாட்ட ஒரு கட்டம் விட்டிருப்பார்கள். போன மாதம் அதில் 212 என்று இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அது 0 ஆனது.

அந்த 0 அருணாவின் அப்பா.

அவர் பெயர் பரசுராமன். வீட்டில் நைனா என்று கூப்பிடுவார்கள். சூடான கம்பி ஓடும் இயந்திரத்தில் அவருடைய வலது கை மாட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. மீதி இருந்ததை வெள்ளைத் துணியால் சுற்றி, சின்னத் தலையணை போல ஆக்கி, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒரு கூடை ஆப்பிளும், அடுத்த வருடத்துக் காலண்டரும் கொடுத்தார்கள். காலண்டரில் தலைக்கவசம் போட்ட ஒருவர் கட்டைவிரலை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே 'பாதுகாப்பே முதல் கடமை' என்று இருந்தது.

அருணாவின் தம்பி குணா படத்தின் கிட்டே போய்ப் பார்த்தான். "இவருக்குப் பத்து விரலும் கீது" என்றான்.

அவன் ஒன்றாம் வகுப்பு. அப்போதுதான் பத்து வரை எண்ணக் கற்றிருந்தான்.

அருணா ஏழாம் வகுப்பு. அவள் பள்ளிக்குப் போகும் வழியில்தான் அந்தப் பலகை இருந்தது. காவல்காரர் தினமும் எண்ணை மாற்றினார். 1, 2, 3 என்று அது மறுபடியும் ஏறத் தொடங்கியது. அதைப் பார்க்காமல் போக வேறு வழி இல்லை. இருந்த இன்னொரு வழியில் ஏழு நாய்கள் இருந்தன.

பலகையில் 15 வந்தபோது, விரலைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று வீட்டில் இருந்தது. நைனா சாப்பிடவில்லை.

டீ குடிப்பார். மோர் குடிப்பார். முதல் வாரம் கஞ்சி குடித்தார். இரண்டாம் வாரம், "எனக்கு இன்னா காய்ச்சலா, கஞ்சிய கஞ்சிய ஊத்துற?" என்று டம்ளரைத் தள்ளிவிட்டார்.

சோறு போட்டால், "அங்க வை, அப்புறமா பாத்துக்கறேன்" என்பார். அந்த அப்புறம் வராது.

அம்மாவின் பெயர் ஈஸ்வரி. அவர்களுக்கு ஏரிக்குப் பின்னால் முக்கால் ஏக்கர் கழனி இருக்கிறது. வீட்டில் பொங்குவது அந்த நெல்லின் அரிசிதான். அந்தச் சோற்றை நைனா வேண்டாம் என்றால், அம்மாவுக்கு அது தன்னையே வேண்டாம் என்று சொன்னது போல இருந்தது.

ஒருநாள் அம்மா சோற்றைப் பிசைந்து உருட்டி, வாய் அருகே கொண்டுபோனாள்.

"த பாருங்க, ஒரு வாய். பசங்க பாக்குதுங்க."

நைனா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா அந்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அதை குணா வாயில் போட்டாள். குணா அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தான். இருந்தாலும் மென்றான்.

புதன்கிழமை கட்டுப் பிரித்த டாக்டர், காயத்தைப் பார்த்துவிட்டு நைனாவின் முகத்தைப் பார்த்தார்.

"சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுறேன் சார்."

"இல்ல சார், டீதான்" என்றாள் அம்மா.

டாக்டர் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னார். "மோதிர விரல் கறுத்துக்கிட்டு வருது. மருந்து ஒரு பக்கம்தான் வேலை செய்யும். உடம்புல சத்து இல்லன்னா புண்ணு ஆறாது. அடுத்த புதன்கிழமை பாப்போம். இதே மாதிரி இருந்தா அந்த விரலையும் எடுக்கணும்."

அன்று இரவும் நைனா சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை அரையாண்டுத் தேர்வு. பரீட்சை மதியமே முடிந்ததால் அருணா சீக்கிரம் வந்துவிட்டாள். அம்மா கழனியில் இருந்தாள். நவரைப் பட்டத்து நெல் நடவுக்கு நேரம் ஆகிவிட்டது. வரப்பைச் செதுக்கி அண்டை ஓட்டுவதெல்லாம் நைனா செய்யும் வேலை. இப்போது அம்மா மண்வெட்டி பிடித்தாள்.

அருணா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அடுப்படியில் நைனா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முன்னால் சோற்றுத் தட்டு. அவர் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார்.

"நைனா" என்றாள் அருணா.

தட்டு படீரென்று நகர்ந்தது. நைனா திரும்பினார். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"இன்னா நைனா பண்ற?"

"பூனைக்கு வெச்சேன்."

அவர்கள் வீட்டில் பூனை இல்லை. தெருவிலும் இல்லை. ஏழு நாய்கள் இருக்கும் இடத்தில் பூனை ஏன் குடிவரப் போகிறது?

நைனாவின் தாடையில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அருணா அதைப் பார்த்தாள். பிறகு பார்க்காதது போல ஜன்னலைப் பார்த்தாள்.

"பரீட்ச எப்டி எழுதின?" என்றார் நைனா.

"நல்லா எழுதினேன்."

"சரி" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். தட்டில் இரண்டு வாய்ச் சோறுதான் குறைந்திருந்தது.

அருணாவுக்கு அப்போது எல்லாம் புரிந்தது. நைனாவுக்குப் பசிக்காமல் இல்லை.

அந்த ஊரில் வலது கைக்குச் சோத்துக்கை என்றே பெயர். இடது கைக்கும் ஒரு பெயர் உண்டு. அதைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்ல மாட்டார்கள். அந்தக் கை எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். அது தட்டுக்குப் பக்கத்தில் வரக்கூடாது.

ஆனால் குணா பிறவியிலேயே இடது கைக்காரன். பந்து எறிவது, பல் தேய்ப்பது, அக்கா தலையில் குட்டுவது எல்லாம் அந்தக் கையில்தான். தட்டில் அந்தக் கை போகும்போதெல்லாம் நைனா பட்டென்று தட்டுவார். "சோத்துக்கையில துன்னு." மூன்று வேளையும் தட்டுவார். போன பொங்கலன்று, மாமா வீட்டார் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, குணாவின் இலையையே இழுத்துத் தள்ளி வைத்துவிட்டார். "நாலு பேரு முன்னால மானத்த வாங்குறான்" என்றார்.

இப்போது அதே குணாவின் முன்னால் உட்கார்ந்து, அதே கையால் அவர் எப்படிச் சாப்பிடுவார்?

இதை அம்மாவிடம் சொல்லலாம். சொன்னால் அம்மா அழுவாள். அம்மா அழுதால் பக்கத்து வீடு வரும். பக்கத்து வீடு வந்தால் தெருவே வரும். நைனா எந்தக் கையால் சாப்பிடுகிறார் என்று பார்க்க இருபது பேர் சுற்றி நிற்பார்கள். அருணா யாரிடமும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவள் நைனாவின் தட்டில் ஒரு ஸ்பூன் வைத்தாள்.

நைனா அதைப் பார்த்தார். "இன்னா இது?"

"ஸ்பூன் நைனா."

"நான் இன்னும் ஆஸ்பத்திரியிலயா கீறேன்?"

அவர் தட்டைத் தள்ளிவிட்டார். மருத்துவமனையில் ஒரு நர்ஸ் அவருக்கு ஸ்பூனால் ஊட்டியிருந்தாள் என்பது அருணாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஸ்பூன்கூடத் தப்பில்லை. நாலு தட்டில் ஒரு தட்டில் மட்டும் ஸ்பூன் வைத்ததுதான் தப்பு.

சனிக்கிழமை, மாத்திரை வாங்க அருணா கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கம் போனாள். பகல் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஸ்டேஷன் வாசலில் ஆரோக்கியமேரி ஆன்ட்டியின் தள்ளுவண்டி நின்றது. அவர்கள் குடும்பம் பர்மாவில் இருந்து வந்தது. அங்கே இருந்து கொண்டுவந்த சமையல்தான் வண்டியில். எண்ணெயில் பிசைந்த நூடுல்ஸ் என்றால் அத்தோ. வாழைத்தண்டு போட்டுக் கொதிக்கும் குழம்பில் நூடுல்ஸை மிதக்கவிட்டால் மொய்ங்கா.

ஆன்ட்டியின் மகன் இம்மானுவேல் அருணாவின் வகுப்பு. வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தான்.

"துன்ன வந்தியா, பாக்க வந்தியா?" என்றான்.

"பாக்க."

"பாத்தா வயிறு ரொம்பாது."

அவள் உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றபடியே கிண்ணத்தைத் தூக்கி, சர்ரென்று உறிஞ்சிக் குடித்தார்கள். ஒருவர் வலது கையில் ஹெல்மெட்டும் சாப்பாட்டுப் பையும். கிண்ணம் இடது கையில் இருந்தது. இன்னொருவர் வலது கையில் போன் பேசிக்கொண்டே இடது கையில் கிண்ணத்தைச் சாய்த்தார்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோருடைய முகமும் கிண்ணத்துக்குள் இருந்தது.

"டேய் இம்மானுவேல், இத ஊட்ல செய்ய முடியுமா?"

"ஓ, முடியுமே. பெரிய அண்டா கீதா?"

"அண்டா எதுக்கு?"

"எண்பது பேருக்கு அண்டா இல்லாம எப்டி செய்வ?"

"எங்க ஊட்ல நாலு பேருதான்."

இம்மானுவேல் பூண்டைக் கீழே வைத்தான். இப்படி ஒரு சிக்கலை அவன் எதிர்பார்க்கவில்லை. "நாலு பேருக்கு எங்களுக்கே தெரியாதே. நாங்க துன்றதும் அந்த எண்பதுலருந்துதான்."

"எண்பதுக்குச் சொல்லு. நான் வகுத்துக்கறேன்."

அவன் சொன்னான். அருணா மாத்திரைச் சீட்டின் பின்பக்கம் எழுதினாள். வெங்காயம் நாலு கிலோ. பூண்டு நானூறு கிராம். கடலைமாவு ஒரு கிலோ. தண்ணீர் இருபது லிட்டர். வாழைத்தண்டு பத்து. நாற்பது நிமிஷம் கொதிக்கணும்.

"உப்பு?"

"ரெண்டு கை. எங்கம்மா கையி. பெருசா இருக்கும்."

அருணா ஆன்ட்டியின் கையைப் பார்த்து மனதில் அளந்துகொண்டாள்.

ஆன்ட்டி நிமிர்ந்தார். "நீ பரசுராமன் பொண்ணுதானே? அப்பா எப்டி கீறாரு?"

"கீறாரு ஆன்ட்டி."

"சாப்பிடுறாரா?"

அருணா கீழே பார்த்தாள். ஆன்ட்டி மஞ்சள் நூடுல்ஸை ஒரு பையில் போட்டு நீட்டினார்.

"சும்மா வேணாம் ஆன்ட்டி. எங்க கயனில வாழ கீது. நாளைக்கு இம்மானுவேல்கிட்ட ரெண்டு தண்டு குடுத்து அனுப்புறேன்."

"நல்ல தண்டா பாத்து வெட்டு. நாரு ஜாஸ்தியா இருந்தா திருப்பி அனுப்பிடுவேன்" என்றார் ஆன்ட்டி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நடவுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டே சொன்னாள். "சோறு ஆக்கி வடிச்சி வை. நேத்து வெச்ச கொயம்பு கீது, சூடு பண்ணிக்கோ. நான் மத்தியானம் வந்துடறேன்."

"சரிம்மா" என்றாள் அருணா. அது பொய்.

சோறு ஆக்காமல் இருப்பது அந்த வீட்டில் சின்ன விஷயம் இல்லை. அடுப்பில் உலை வைக்காத வீடு என்றால் அது எழவு வீடு. அம்மா காய்ச்சலில் கிடந்த நாளில்கூட, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து ஒரு பிடி அரிசியாவது போட்டு எடுப்பாள்.

அருணா அரிசிப் பானையைப் பார்த்தாள். பிறகு அதன் மூடியைச் சரியாக மூடி வைத்தாள்.

எல்லாவற்றையும் இருபதால் வகுத்தாள். வெங்காயம் இருநூறு கிராம். பூண்டு இருபது கிராம். கடலைமாவு ஐம்பது கிராம். தண்ணீர் ஒரு லிட்டர். வாழைத்தண்டு அரை. உப்பு மட்டும் வகுபடவில்லை. இரண்டு கையை இருபதால் வகுத்தால் வருவது கையில் எந்த இடம் என்று தெரியாததால், மூன்று சிட்டிகை போட்டாள்.

வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கினாள். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் போட்டாள். கடலைமாவை வாசனை வரும்வரை வறுத்து, தண்ணீரில் கரைத்து ஊற்றினாள். வாழைத்தண்டை வட்டமாக அரிந்து, நாரை விரலில் சுற்றி எடுத்துவிட்டுப் போட்டாள். குழம்பு கெட்டியாகி, பளக் பளக் என்று பேசத் தொடங்கியது.

குணா வந்து நின்றான். "அக்கா, நான் டேஸ்ட்டு பாக்குறேன்."

ஒரு துண்டை வாயில் போட்டு மென்றான். மென்றுகொண்டே இருந்தான்.

"எப்டி கீது?"

"கட்டில் கால துன்ற மாதிரி கீது."

"நீ எப்படா கட்டில் கால துன்ன?"

"சின்ன வயசுல."

அருணாவும் ஒரு துண்டு எடுத்துக் கடித்தாள். அவன் சொன்னது சரி. மாத்திரைச் சீட்டை மறுபடி பார்த்தாள். நாற்பது நிமிஷம் என்று இருந்ததையும் இருபதால் வகுத்து, இரண்டு நிமிஷம் என்று எழுதி வைத்திருந்தாள். நாலு பேருக்கானாலும் எண்பது பேருக்கானாலும் வாழைத்தண்டு அவசரப்படாது போலிருக்கிறது.

இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு, தீயைக் குறைத்தாள். இனி முப்பத்தெட்டு நிமிஷம்.

முப்பதாவது நிமிஷத்தில் அம்மா வந்துவிட்டாள்.

முழங்கால்வரை சேறு. பாத்திரத்தைத் திறக்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வடித்த கஞ்சியின் வாசனை இல்லை.

"சோறு எங்கடி?"

"ஆக்கலம்மா."

"அரிசி இல்லியா?"

"கீது."

அம்மா அடுப்பைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த நூடுல்ஸைப் பார்த்தாள். குரல் உயரவில்லை. "சோறு ஆக்காத ஊடு எந்த ஊடுன்னு தெரிமா உனுக்கு? பத்தொம்போது நாளா நான் எதுக்குடி ரெண்டு வேளையும் ஒல வெச்சிக்கினு கீறேன்? அவரு துன்னாலும் துன்னாட்டியும், இந்த ஊட்ல ஆம்பள நல்லா கீறாருன்னு அடுப்பு சொல்லணும்னு தானே?"

அம்மா அரிசிப் பானையிடம் போனாள். அருணா குறுக்கே வந்து நின்றாள்.

"ஒரே ஒரு வேளம்மா. நைனா இத துன்னலன்னா நானே ஒல வெக்கிறேன். அப்புறம் நீ இன்னா சொன்னாலும் கேக்கறேன்."

"என் கையால ஆக்குன சோத்தயே தொடல. இந்தக் கயிறயா துன்னப் போறாரு?"

"தெரியல" என்றாள் அருணா. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சேறு காய்ந்து காலில் வெடித்திருந்தது. குழம்பு மட்டும் பேசியது.

உள்ளேயிருந்து நைனாவின் குரல் வந்தது. "இன்னா வாசன அது?"

பத்தொன்பது நாளில் சாப்பாட்டைப் பற்றி அவராகக் கேட்ட முதல் கேள்வி. அம்மா தலையைத் தூக்கினாள்.

"ஸ்டேஷன்ல விப்பாங்களே, மொய்ங்கா" என்று அருணா கத்தினாள். "வா நைனா."

அவர் வருவதற்குள் அவள் வேலையை முடித்தாக வேண்டும். தட்டுகளை எல்லாம் எடுத்து மேலே வைத்தாள். வெந்த நூடுல்ஸைக் கத்தரிக்கோலால் சின்னச் சின்னதாக வெட்டினாள். மூன்று கிண்ணத்தில் போட்டாள். நாலாவது கிண்ணம் இல்லை. அரிசி அளக்கும் அரைப்படியில் குணாவுக்குப் போட்டாள். மேலே குழம்பை ஊற்றி, வறுத்த வெங்காயத்தைத் தூவி, எலுமிச்சம்பழம் பிழிந்தாள். தட்டையை நொறுக்கிப் போட்டாள்.

நைனா வந்து உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கை மடியில் இருந்தது. "தட்டு எங்க?"

"இதுக்குத் தட்டு கெடையாது. தூக்கிக் குடிக்கணும். எல்லாரும் அப்டித்தான்."

அருணா தன் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, முகத்தை உள்ளே விட்டு, முடிந்தவரை சத்தமாக உறிஞ்சினாள். குணாவுக்குச் சத்தம் போடச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவன் அரைப்படிக்குள் காணாமல் போயிருந்தான். அம்மா அருணாவை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். பிறகு நைனாவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். பிறகு அவளும் கிண்ணத்தைத் தூக்கினாள்.

மூன்று முகமும் மறைந்துவிட்டன. நைனாவைப் பார்க்க யாரும் இல்லை.

அருணா கிண்ணத்துக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூக்கு நுனி குழம்பில் நனைந்தது.

பிறகு நாலாவதாக ஒரு சர் கேட்டது.

அவள் நிமிரவில்லை. இன்னொரு சர். இன்னொன்று.

குழம்பு தீர்ந்துவிட்டது. நூடுல்ஸும் தண்டும் அடியில் கிடந்தன. அருணா நாலு ஸ்பூனை எடுத்து நடுவில் வைத்தாள். யார் பக்கத்திலும் வைக்கவில்லை.

முதலில் பாய்ந்தது குணாதான். பசியில் அவன் எல்லாவற்றையும் மறந்திருந்தான். ஸ்பூன் அவன் இடது கையில் இருந்தது.

வாய்வரை கொண்டுபோன பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. நைனாவைப் பார்த்தான். கண் பெரிதானது. அவசரமாக ஸ்பூனை வலது கைக்கு மாற்றினான். நூடுல்ஸ் வழுக்கி, கால்சட்டையில் விழுந்தது. அடிக்குக் காத்திருப்பவன் போலத் தோளைக் குறுக்கிக்கொண்டான்.

இப்படி ஒன்று நடக்கும் என்று அருணா நினைக்கவே இல்லை.

நைனா குணாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்த நூடுல்ஸைப் பார்த்தார். வலது கையில் தப்புத் தப்பாகப் பிடித்திருந்த அந்த ஸ்பூனைப் பார்த்தார்.

"உடுடா" என்றார். "உனுக்கு எந்தக் கை வாட்டமோ அதுலயே துன்னு."

குணா நம்பவில்லை. "அடிக்க மாட்டியே?"

"இல்ல."

"நாளிக்கும்?"

"நாளிக்கும்."

குணா ஸ்பூனை இடது கைக்கு மாற்றினான். நைனா மீதி இருந்த ஸ்பூன்களில் ஒன்றை எடுத்தார். இடது கையால் எடுத்தார்.

நூடுல்ஸ் ஏறியது, வழுக்கியது. மறுபடி ஏறியது, மறுபடி வழுக்கியது. அவர் நெற்றியில் வியர்த்தது.

"நைனா, மேல தூக்கக்கூடாது" என்றான் குணா. "கிண்ணத்து ஓரமா தள்ளிக்கினு வந்து, அப்டியே சாய்க்கணும். இங்க பாரு."

"இப்டியா?"

"அய்யே, கட்ட வெரலு மேல இருக்கணும்."

"இப்ப?"

"ம். பரவால்ல" என்றான் குணா, வாத்தியார் போல. இடது கைக்காரனாக ஆறு வருடம் அனுபவம் உள்ளவன் அவன். அந்த வீட்டில் வேறு யாருக்கும் அந்தத் தகுதி இல்லை.

நைனா கிண்ணத்தைக் காலி செய்தார். வாழைத்தண்டையும் விடவில்லை.

"இன்னும் கீதா?" என்றார்.

அம்மா சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பி எழுந்தாள். கரண்டியால் ஊற்ற அவளுக்கு வழக்கத்தைவிட நேரம் ஆனது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் திரும்பினாள்.

"நூடுல்ஸ மட்டும் கொஞ்சம் குழைய உட்டுட்டா" என்றாள், யாரிடமோ சொல்வது போல.

புதன்கிழமை டாக்டர் கட்டைப் பிரித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மோதிர விரலை ஊசியால் மெல்லத் தொட்டார்.

"வலிக்குதா?"

"வலிக்குது சார்."

"நல்லது" என்றார் டாக்டர். "இந்த விரல் இருக்கட்டும். அடுத்த வாரம் வாங்க."

வலிப்பது எப்படி நல்லது என்று குணா பஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தான். யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. போன இரண்டு விரலும் போனதுதான். கம்பெனி திரும்பக் கூப்பிடுமா என்றும் தெரியவில்லை. நைனா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஆனால் இறங்கும்போது, "பசிக்குது" என்றார்.

அம்மா உலை வைத்தாள். மதியம் நாலு தட்டு போட்டாள். சோறும் கத்திரிக்காய்க் குழம்பும். ஸ்பூன் இல்லை.

நைனா கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்தார். பிறகு இடது கையைச் சோற்றில் வைத்தார். அம்மா குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அருணா கத்திரிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குணா மட்டும் நைனாவின் கையிலிருந்து அரையடி தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தான்.

"நைனா, கொயம்பு கொஞ்சமா ஊத்திக்கணும். இல்லன்னா முழங்கைக்கு ஓடும்" என்றான்.

ஓடியது. நைனா கையைத் தூக்கி, நாக்கு எட்டிய இடத்திலிருந்து விரல் வரை நக்கிவிட்டு, அடுத்த உருண்டையைப் பிடித்தார்.